இரண்டு ஏக்கருக்கு ஒரு ஜீப்

ஜீப்பை வாங்கியது என் மனைவிக்காக. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதைக்குப் பிறகு சொன்னால் யாரும் நம்புவதில்லை.

அஞ்செட்டி போகும் வழியில், தார்ச்சாலையை விட்டு உள்ளே தள்ளி, அவளுக்கு இரண்டு ஏக்கர் மேட்டு நிலம் இருக்கிறது. என் மாமனார் பாகம் பிரித்தபோது மகளுக்கென்று எழுதிவைத்தது. பத்திரம் அவள் பெயரில், ஏர் மட்டும் அவள் அண்ணன் கையில். அவர் கெட்டவர் இல்லை. "நீ ஓசூர்ல கம்பெனிக்குப் போற. அங்கிருந்து எப்பம்மா வந்து வெதைக்கப் போற? நானே பாத்துக்கறேன்" என்பார். அன்பாகத்தான் சொல்வார். மூன்று ஆடிகள் அந்த அன்பிலேயே போய்விட்டன. நாலாவது வருடமும் அண்ணனே விதைத்தால் ஊர் வாயில் அது அண்ணன் நிலம் என்றே நிலைத்துவிடும் என்று அவளுக்குப் பயம். பொங்கலுக்குப் போனபோது, "இந்த ஆடிக்கு நான்தான் வெதைப்பேன்" என்று அண்ணனிடம் நேராகச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அவர் சிரித்தாராம். அந்தச் சிரிப்பைப் பேருந்தில் ஓசூர் வரும்வரை திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சிக்கல் என்னவென்றால், எனக்கு ஞாயிறு விடுமுறை, அவளுக்குப் புதன். இரண்டு பேரும் வேறு வேறு தொழிற்சாலை. நான் கூட்டிப்போக முடியாது, அவளே தனியாகப் போய்வர வேண்டும். பேருந்து தார்ச்சாலையோடு சரி. அதற்கு மேல் மண்பாதை, நடுவில் இரண்டு ஓடை. மழை பெய்தால் ஸ்கூட்டர் சறுக்கும், ஒரு முறை சறுக்கியும் விட்டது. அவள் டிரைவிங் ஸ்கூலில் முறையாகக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஓட்டத்தான் வண்டி இல்லை. பழைய நாலு சக்கர இழுவை ஜீப் ஒன்று கிடைத்தால் போதும் என்று முடிவெடுத்தோம். மாசி மாதம், குந்தாரப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்பில் கூடை சுமந்துகொண்டிருந்த ஜீப்பை வாங்கி, மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீட்டு வாசலில் தகரக் கொட்டகைக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தினேன்.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. அதையும் சொல்லிவிட வேண்டும். தோப்புக்காரர் அதில் ஏறாத மேடு இல்லை. ஒரே ஒரு குறை. நாற்பதைத் தாண்டினால் முன்சக்கரம் உதறும், ஸ்டீயரிங்கைப் பிடித்த கை முழங்கைவரை ஆடும். எங்கள் தெருமுனையில் இருக்கும் மெக்கானிக் சக்கரத்தை இரண்டு உலுக்கு உலுக்கிப் பார்த்தார்.

"பேரிங்கு லூசுண்ணா. ரெண்டு மணி நேரம் குடுங்க, டைட்டு பண்ணி உட்டுர்றேன். மலைப் பக்கம் போற வண்டி, நாப்பதுக்கு மேல எங்க போவப் போவுது?"

அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம். ஆனால் நான் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறவன். அடுத்தவர் செய்த பொருளில் குறை கண்டுபிடிப்பதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. ஓட்டலில் தோசை வந்தால்கூட முதலில் விளிம்பு ஒரே கனமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். என்னிடம் வந்து டைட்டு பண்ணி விட்டுவிடுகிறேன் என்றால் எப்படி?

எங்கள் தொழிற்சாலையில் ஒரு பழக்கம் உண்டு. குறை கண்ட பொருளைச் சரிசெய்து அனுப்பிவிட்டால் வேலை முடிந்ததாக அர்த்தமில்லை. குறை ஏன் வந்தது என்று கேட்க வேண்டும். வருகிற பதிலுக்கும் ஓர் ஏன். இப்படி ஐந்து முறை கேட்டால்தான் ஆணிவேர் கிடைக்கும் என்று சுவரில் படம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். ஓசூரில் எந்தத் தொழிற்சாலைக்குள் போனாலும் அந்தப் படம் இருக்கும். நான் அதை மனதார நம்புகிறவன். பங்குனி முதல் ஞாயிறு, ஒரு நோட்டை எடுத்து முதல் ஏனை எழுதினேன்.

சக்கரம் ஏன் உதறுகிறது? பேரிங் தேய்ந்திருக்கிறது. இது மெக்கானிக் சொன்னதுதான். பேரிங் ஏன் தேய்ந்தது? அது உட்காரும் இடம் வட்டமாக இல்லை, முட்டை வடிவத்துக்குப் போயிருக்கிறது. அது ஏன்? முன்பக்க ஆக்ஸில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைந்திருக்கிறது. அது ஏன் வளைந்தது? வண்டியின் எடையைத் தாங்கும் கமான் பட்டைகள் இடது பக்கத்தில் களைத்துப்போய், வலது பக்கத்தைவிடத் தாழ்ந்திருக்கின்றன. அவை ஏன் தாழ்ந்தன? என்றைக்கோ யாரோ பட்டையைத் தாங்கும் கொக்கியைச் சட்டத்தில் கோணலாகப் பற்றவைத்திருக்கிறார்கள்.

ஒவ்வோர் ஏனுக்கும் பதில் கிடைக்க இரண்டு, மூன்று ஞாயிறு ஆனது. ஒவ்வொரு பதிலுக்கும் வண்டியில் ஒரு பாகத்தைக் கழற்ற வேண்டியிருந்தது. ஐந்தாவது ஏனுக்குப் பதில் தெரிந்தபோது வைகாசி பாதி ஓடியிருந்தது. கொட்டகையில் ஜீப் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. நாலு கருங்கல் துண்டுகளின் மேல் இரும்புச் சட்டம் ஒன்று கிடந்தது. மற்றதெல்லாம் சீட்டு எழுதிக் கட்டி, வரிசையாக, மாடிப்படிக்கடியில். அவளுடைய ஸ்கூட்டர் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு வெயிலில் நின்றது.

என்னோடு வேலை செய்யும் திருநெல்வேலிக்காரர் ஒருவர், பராமரிப்புப் பிரிவில் பிட்டர், வெல்டிங்குக்கு உதவ வந்தார். சட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"வண்டி ஓடுச்சுல்லா? பெறவு எதுக்குவே கழட்டுனீரு?"

"உதறல் இருந்தது."

"இப்பம் உதறல் இல்ல, சரிதான். வண்டியே இல்லயே."

அவரை நான் டீ குடிக்கச் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். பராமரிப்புக்காரர்களுக்கும் தரக்கட்டுப்பாட்டுக்காரர்களுக்கும் எந்தத் தொழிற்சாலையிலும் ஒத்துப்போனதில்லை. அவர்களுக்கு எந்திரம் ஓடினால் போதும்.

பழுது பார்ப்பதோடு நிறுத்தியிருந்தாலும் ஆனி முடிவதற்குள் வண்டி தயாராகி நின்றிருக்கும். ஆனால் சட்டம்வரை பிரித்துப் போட்ட பிறகு பழைய பாகத்தையே திரும்பவும் மாட்டுவது எனக்கு அசிங்கமாகப் பட்டது. பட்டைகளை மாற்றும்போதே நாலு விரல் உயர்த்திவிட்டால் ஓடைக் கற்கள் அடியில் இடிக்காது. உயர்த்தினால் பெரிய டயர் போடலாம். பெரிய டயர் போட்டால் பழைய ஸ்டீயரிங் அவள் கைக்குக் கனக்கும், ஆகவே பவர் ஸ்டீயரிங். டயர் கனத்தால் பழைய பிரேக் போதாது, ஆகவே முன்பக்கம் டிஸ்க் பிரேக். இவ்வளவு உயர்ந்த வண்டி சரிவில் கவிழக் கூடாது, ஆகவே சக்கரங்களை இரு பக்கமும் வெளியே தள்ளி நிறுத்த இரும்புத் தட்டுகள். பெங்களூருக்குப் போய்ப் பழைய உதிரிபாகச் சந்தையில் நாள் முழுக்க அலைந்தேன். தட்டுகளை என் கண் முன்னாலேயே கடைசல் எந்திரத்தில் பிடித்துக்கொடுக்கச் சொல்லி, நாலையும் அளந்து பார்த்துத்தான் வாங்கினேன். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

இதில் எந்த முடிவும் முட்டாள்தனமானது இல்லை. இன்றைக்கு எந்தப் பொறியாளரிடம் காட்டினாலும் ஒவ்வொன்றையும் சரி என்றுதான் சொல்வார். அதுதான் எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

அவளை மறந்துவிட்டேன் என்றும் யாரும் சொல்ல முடியாது. சீட்டைப் பொருத்தும்போது அவளைக் கூப்பிட்டு ஒரு முக்காலியில் உட்காரவைத்து, இடுப்பிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து பாதம் என்று டேப் பிடித்து அளந்தேன். கிளட்ச் அவள் காலுக்கு இதமாக இருக்கும்படி மிதியை மாற்றி அமைத்தேன். ஏறுவதற்கு அவள் காலடி உயரத்தில் ஒரு படி பற்றவைத்தேன். எதிர் வீட்டுத் தெலுங்குக்காரப் பெண்மணி வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஜாக்கெட் தைக்கவா அளவெடுக்கிறாய் என்று கேலி செய்தார். என் மனைவி சிரிக்கவில்லை. "இப்போ போவுமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஒவ்வொரு ஞாயிறும் அதே கேள்வி. சாப்பாட்டுத் தட்டை நீட்டும்போது, துணி உலர்த்தப் போகும்போது, போகிற போக்கில் கேட்பாள். இப்போ போவுமா? நான் ஒரு தேதி சொல்வேன். சித்திரை கடைசி என்றேன், வைகாசி கடைசி என்றேன், ஆனி இருபது என்றேன். தொழிற்சாலையில் சப்ளையர்கள் எங்களுக்குத் தேதி சொல்லும் அதே குரலில் சொன்னேன் என்பது இப்போது புரிகிறது. அந்தக் குரலில் சொல்கிற ஆளை நான் ஒருபோதும் நம்பியதில்லை.

ஆடி பிறந்தபோது பவர் ஸ்டீயரிங் பம்பில் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. ஆடியில் அவள் அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அவளுக்கே புரிய ஆரம்பித்துவிட்டது, அதனால் தொந்தரவு செய்யாமல் இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். மழை நன்றாகப் பெய்தது. தகரத்தின் மேல் விழும் சத்தத்தில் நிம்மதியாக வேலை செய்தேன். விதைப்புக்காலம் தாண்டிவிட்டது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்த்து அதைப் பற்றிப் பேசத் தைரியம் இல்லாமல் வண்டிக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வேன். அங்கே பேசத் தேவையில்லை.

புரட்டாசியில் ஜீப் தயாரானது. உண்மையிலேயே அழகாக இருந்தது. எழுபதில் போனாலும் ஒரு விரலால் ஸ்டீயரிங்கைப் பிடிக்கலாம். மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஒரு சுற்று ஓட்டக் கொடுத்தேன். இறங்கி, "பட்டுண்ணா" என்றார். ஏழு மாதம் ஆனதைப் பற்றி அவர் பேசாதது பெரிய மனசு.

ஆயுத பூஜை இரண்டு பேருக்கும் ஒரே நாளில் கிடைக்கும் அபூர்வமான விடுமுறை. அன்றைக்கு அவள் நிலத்துக்குப் போவது என்று நான் தீர்மானித்தேன். கேழ்வரகு விதைக்கும் காலம் போய்விட்டது, ஆனால் புரட்டாசியில் கொள்ளு போடலாம் என்று உடன் வேலை செய்யும் ஒருவர் சொல்லியிருந்தார். நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் தொழிற்பேட்டைக் குடியிருப்பில், மண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவளிடம் சொல்லாமல் ஒரு மூட்டை விதைக் கொள்ளு வாங்கி ஜீப்பின் பின்னால் வைத்தேன். மன்னிப்புக் கேட்பதைவிட அது சுலபமாக இருந்தது.

காலையில் வண்டிக்குச் சந்தனம் வைத்து, முன்னால் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்து நசுக்கினோம். அவள் ஓட்டுநர் சீட்டில் ஏறும்போது மூட்டையைப் பார்த்தாள்.

"இது எதுக்கு?"

"கொள்ளு. உன் நிலத்துக்கு. கேவுருதான் போட முடியலை, இதையாவது போடலாம்."

அவள் மூட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "கொள்ளா? எங்க போடறது?"

"நீ காட்டற இடத்துல."

அவள் சிரித்துவிட்டாள். ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். நெடுநாள் கழித்து அவள் சிரித்ததைப் பார்த்ததில் எனக்கு மனசு லேசாகிவிட்டது.

நன்றாகவே ஓட்டினாள். தேன்கனிக்கோட்டை தாண்டி மலைச் சாலை தொடங்கியதும் நான் பேசுவதை நிறுத்திவிட்டு வண்டியின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன். எங்கும் ஒரு கிறீச் இல்லை. மண்பாதையில் இறங்கி இரண்டு ஓடைகளையும் தண்ணீர் தெறிக்கத் தாண்டினோம். மேட்டில் ஏறும்போது பெருமையில் டாஷ்போர்டைத் தட்டிக்கொடுத்தேன். அதற்கப்புறம் ஒரு வளைவு. வளைவு திரும்பியதும் அவள் வண்டியை நிறுத்திவிட்டாள்.

பாதையின் இரு பக்கமும் கம்பிவேலி. வேலி முடியும் இடத்தில், வாசல்போல, ஆள் உயரத்துக்கு இரண்டு கருங்கல் கால்கள் நட்டிருந்தார்கள். மாட்டு வண்டி போகும், சிறிய டிராக்டர் போகும். தோப்பில் கூடை சுமந்த அந்தப் பழைய ஜீப்பும் போயிருக்கும். நான் அந்த வழியில் இரண்டு முறை அவள் அண்ணனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறேன். அந்தக் கற்களைக் கவனித்ததாக நினைவே இல்லை.

"போவாது" என்றாள்.

நான் இறங்கி டேப்பை எடுத்தேன். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் அளந்தேன். வண்டியை அளந்தேன். திரும்பவும் கல்லை அளந்தேன். பக்கத்துக்கு இரண்டு விரல் அதிகம். கடைசலில் பிடித்த அந்தத் தட்டுகளின் கனம், கிட்டத்தட்ட அதே அளவு.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"டயரு வெளிய வந்தப்பவே இடிக்குமோன்னு தோணுச்சு. நீங்க அளந்திருப்பீங்கன்னு உட்டுட்டேன்."

திட்டியிருந்தால் பதிலுக்கு எதையாவது சொல்லியிருப்பேன். அவள் எஞ்சினை அணைத்து, சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, "இதுவரைக்கும் வந்துதே, பாதி நடை மிச்சமாச்சு" என்று சொல்லிக் கற்களுக்கு நடுவே நடந்து போனாள். நான் கொள்ளு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். ஏற்றம். அரை மணி நேர நடை. அவள் எங்கே கல் இருக்கும், எங்கே வழுக்கும் என்று தெரிந்தவளாகக் கீழே பார்க்காமல் நடந்தாள். நான் இரண்டு இடத்தில் தடுமாறினேன்.

மேலே போய்ச் சேர்ந்ததும் மூட்டையை இறக்கி வைத்தேன். இரண்டு ஏக்கரும் பச்சையாக நின்றது. முழங்காலுக்கு மேல் வளர்ந்து, அங்கங்கே கதிர் விரியத் தொடங்கியிருந்த கேழ்வரகு.

"உங்க அண்ணன் இந்த வருஷமும் போட்டுட்டாரா?" என்றேன். மூச்சு வாங்கியது.

"அண்ணன் ஏர் மட்டும் ஓட்டிக் குடுத்துச்சு. வெதைச்சது நான்."

"எப்போ?"

"ஆடியில. சொன்னேனே."

"எப்போ சொன்னே?"

"ஒரு ஞாயித்துக்கெழம. நீங்க வண்டிக்கு அடியில இருந்தீங்க. பக்கத்துல குந்திக்கினுதான் சொன்னேன். இனிமே பருவம் தாங்காது, நான் பஸ்ஸுல போயி நடந்துக்கறேன், புதன்கெழமைல போயிட்டுப் போயிட்டு வந்துர்றேன்னு. 'ம்'னீங்க. களை எடுக்கப் போனப்பவும் சொன்னேன். அதுக்கும் 'ம்'தான்."

நான் அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைவுபடுத்திப் பார்த்தேன். வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டிருக்கும்போது யார் எது சொன்னாலும் 'ம்' தான் வரும். அவள் செருப்பில் அந்த மாதங்களில் செம்மண் ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். தெருவில் சாக்கடைக்குத் தோண்டிப்போட்ட மண் என்று நினைத்தேன். ஒரு நாள் கை நீட்டித் தட்டு வாங்கும்போது அவள் உள்ளங்கையில் கொப்புளம் இருந்தது. கம்பெனியில் புது வேலை கொடுத்திருப்பார்கள் என்று நானே முடிவுசெய்துகொண்டு, சோற்றைப் பிசைந்தேன். ஏன் என்று ஒரே ஒரு முறை கேட்டிருந்தால்கூடப் போதும்.

பக்கத்து நிலத்தில், யானைக்காவலுக்கு மரத்தின் மேல் கட்டிய பரணைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துக் கன்னடத்தில் குரல் கொடுத்தார். "ஏனம்மா, இவத்து ஜொதெகெ யாரு?" இன்றைக்குக் கூட வந்திருப்பது யார் என்று கேட்கிறார். அந்த மேட்டில் அவளை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. விசாரிக்க வேண்டிய ஆள் நான்தான்.

அவள் கையை வாயருகே குவித்துக்கொண்டு, பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பதில் சொன்னாள். எங்க ஊட்டுக்காரரு. அவருக்குக் கம்பெனியில வேலை ஜாஸ்தி. வரணும் வரணும்னுட்டே இருந்தாரு, இன்னைக்குத்தான் முடிஞ்சுது.

பெரியவர் தலையை ஆட்டிவிட்டுப் பரணுக்குத் திரும்பினார். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அவ்வளவு தூரம் தனியாக நடந்து, விதைத்து, களை எடுத்துவிட்டு, எனக்கு முன்பின் தெரியாத ஒருவரிடம் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். சும்மா நிற்க முடியவில்லை. குனிந்து, கதிர்களுக்கு நடுவே அகல இலையோடு படர்ந்திருந்த ஒரு செடியை வேரோடு பிடுங்கினேன்.

"ஐயோ, அது அவரைங்க. நான் ஊனினது."

அதை அதே குழியில் வைத்து, மண்ணைத் தள்ளி, இரண்டு கையாலும் அழுத்தினேன். இனிமேல் பிழைக்காது என்றாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்குப் பக்கத்து வரிசையில் குனிந்து, எது களை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிக்கொண்டே வந்தாள்.